மக்கிப்போச்சா, காணாமப்போச்சா?

போன மாசம் தக்காளிக்கு நிலம் தயார் பண்ண ரொட்டவேட்டர் விட்டோம். பாதிக் காடு ஓட்டினதும் வண்டி முக்கிக்கிட்டு நின்னுடுச்சு. ஓட்டுற தம்பி இறங்கிப் பார்த்தா, கத்தியைச் சுத்தி கறுப்பும் வெள்ளியுமா நார் மாதிரி ஏதோ இறுகிக் கிடக்கு. அரிவாளால அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆச்சு.

மல்ச்சிங் சீட்டு. தர்மபுரி தாண்டி பெங்களூரு ரோட்டுல போகும்போது ரெண்டு பக்கமும் வெயில்ல பளபளன்னு வெள்ளிக் கோடு கோடாத் தெரியுமே, அதுதான். மேட்டுப்பாத்தி மேல விரிச்சு, ஓட்டை போட்டு நாத்து நடுவோம். அந்தக் காட்டுல நான் கடைசியா சீட்டு விரிச்சது ஆறு வருஷத்துக்கு முன்னால, மிளகாய்க்கு. அறுவடை முடிஞ்சதும் நாலு ஆள் விட்டு உருவி எடுத்தோம். எல்லாம் வந்துடுச்சுன்னுதான் இத்தனை நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

இது நடந்த அதே வாரம் ஒரு வியாபாரி வந்தார். கையில ஒரு முழத் துண்டு சீட்டு. "அண்ணே, இது மக்குற சீட்டு. உருவவே வேணாம். அப்படியே ஓட்டி விட்டுடுங்க. மூணே மாசம், மண்ணோட மண்ணாப் போயிடும்." விலை சாதா சீட்டைப் போல ரெண்டரை மடங்கு. எங்க ஊர்ல பதினோரு பேர் சேர்ந்து விதை, உரமெல்லாம் மொத்தமா வாங்குறோம். இதையும் வாங்கலாமான்னு பேச்சு வந்தப்போ, "நீதான் கம்ப்யூட்டர்ல என்னத்தையோ படிச்சுக்கிட்டே இருப்பியே, பார்த்துச் சொல்லு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க.

படிச்சேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது. 'மண்ணோட மண்ணாப் போயிடும்'ங்கிற இந்த வார்த்தையை விவசாயிகிட்ட சொல்றது இது முதல் தடவை இல்ல. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதுறேன்.

ஆயாவோட மூடாக்கு

எங்க ஆயா காலத்துல கத்தரிக்கும் மிளகாய்க்கும் அடியில கொழிஞ்சி, வேம்பு, பூவரசு இலை, கடலைக்கொடி, சோளத்தட்டுன்னு கிடைச்சதைப் போட்டு மூடுவாங்க. மூடாக்குன்னு பேரு. ஈரம் காயாது, களை குறையும், மண்ணு சூடாகாது. அடுத்த மழைக்குள்ள அது காணாமப்போயிடும். எங்க போச்சுன்னா, மண்ணுல இருக்கிற பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்னுடுச்சு. தின்னதுல பாதிக்கு மேல மூச்சாக் காத்துல போகும், மிச்சம் அதுங்க உடம்பாகும். அதுங்க செத்தா, நம்ம பயிருக்குச் சத்து. ஒரு கைப்பிடி நல்ல மண்ணுல உலகத்து மக்கள்தொகையை விட அதிகமான பாக்டீரியா இருக்கு. ஆயாவோட மூடாக்கு அதுங்களுக்குப் போட்ட சோறு.

அப்புறம் ஏன் பிளாஸ்டிக்குக்குப் போனீங்கன்னு நீங்க கேட்கலாம். ஒரு ஏக்கரை மூட அத்தனை தழைக்கு எங்க போறது? ஊருல மாடு குறைஞ்சுபோச்சு, வேலி மரம் போச்சு, களை எடுக்க ஆள் கிடைக்கல. கோரையைத் தவிர மத்தக் களையெல்லாம் சீட்டுக்கு அடியிலேயே செத்துடும். சொட்டுநீர்ல விடுற தண்ணி ஆவியாப் போகாது. சீட்டுல நன்மை இல்லேன்னு சொன்னா அது பொய்.

முதல் சீட்டு காகிதம்

கடையில விக்கிற மூடாக்கு முதல்ல பிளாஸ்டிக் இல்ல. காகிதம். ஹவாய்த் தீவுல ஓலா அப்படின்னு ஒரு இடம். மழை அதிகம், களை அதைவிட அதிகம். அங்க இருந்த கரும்புக் கம்பெனியோட மேலாளர் சார்லஸ் எக்கார்ட். 1914 வாக்குல அவர் தார் ஏத்தின காகிதத்தைக் கரும்புக் காட்டுல விரிச்சுப் பார்த்தார். கரும்பு முளை ஊசி மாதிரி காகிதத்தைக் குத்திக்கிட்டு மேல வரும். களைக்கு அந்த பலம் இல்ல, அடியிலேயே வெளுத்துச் சாகும். 1920கள்ல ஹவாய் அன்னாசித் தோட்டங்கள்ல இது பரவலா வந்துடுச்சு. அங்க ஓட்டை போட்டு நட்டாங்க, இன்னைக்கு நாங்க தக்காளிக்குப் பண்ற மாதிரியே.

காகிதம் மரக்கூழ்ல செஞ்சது. மண்ணுக்குள்ள போனா நுண்ணுயிர்களுக்கு அது பழகின சாப்பாடு. ஆனா விலை அதிகம், கிழியும், பயிர் முடியிறதுக்கு முன்னாலேயே ஓரம் இத்துப்போகும். இத்துப்போறதை அன்னைக்குக் குறையாத்தான் பார்த்தாங்க. இத்துப்போகாத ஒண்ணு வேணும்னு எல்லாரும் ஆசைப்பட்டாங்க. ஆசைப்பட்ட மாதிரியே வந்துச்சு.

இத்துப்போகாத ஒண்ணு

1933 மார்ச். இங்கிலாந்துல நார்த்விச் பக்கம் ஐ.சி.ஐ. கம்பெனி ஆய்வுக்கூடம். ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட்னு ரெண்டு பேர் எத்திலீன் வாயுவைப் பயங்கர அழுத்தத்துல இன்னொரு பொருளோட சேர்த்து என்ன ஆகுதுன்னு பார்த்தாங்க. நெனச்சது நடக்கல. பாத்திரத்துக்கு அடியில வெள்ளையா, மெழுகு மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுதான் பாலித்தீன். ரெண்டாம் உலகப்போர்ல ரேடார் கம்பிகளுக்கு மேலுறையாப் போச்சு. போர் முடிஞ்சதும் மலிவாச்சு.

அமெரிக்காவுல கென்டக்கி பல்கலைக்கழகத்துல எமரி எம்மர்ட்னு ஒரு தோட்டக்கலைப் பேராசிரியர். பசுமைக்குடிலுக்குக் கண்ணாடி போடக் காசு கட்டுப்படி ஆகல. 1948ல மரச்சட்டத்துல பிளாஸ்டிக் தாளை அடிச்சுப் பார்த்தார். 1950கள்ல அதே யோசனையைத் தரைக்குக் கொண்டுவந்தார். பாலித்தீன் மூடாக்கு அங்கிருந்துதான் உலகம் பூரா கிளம்புச்சு.

நுண்ணுயிர்களால இதை ஏன் தின்ன முடியல? அதுங்களுக்கு வாய் கிடையாது. நொதின்னு ஒரு சாறை வெளியில கக்கும். அந்த நொதி பெரிய பொருளைச் சின்னச் சின்னதா வெட்டும். வெட்டின சின்னத் துண்டைத்தான் உள்ள இழுத்துக்க முடியும். இலை, வைக்கோல், காகிதம் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல கொக்கி இருக்கு. அந்தக் கொக்கியைக் கழட்டுற நொதிகள் கோடிக்கணக்கான வருஷமா மண்ணுல இருக்கு. பாலித்தீன் அப்படி இல்ல. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் நேரா, கொக்கியே இல்லாம, பற்றவைச்ச தண்டவாளம் மாதிரி நீளமாப் போகுது. நொதிக்குக் கை வைக்க இடமே இல்ல. வெயில் பட்டா உடையும். உடைஞ்ச துண்டும் பாலித்தீன்தான்.

சீனாவுல நடந்தது

இதோட முழுக் கதையையும் பார்க்கணும்னா சீனாவுக்குத்தான் போகணும். 1978ல ஜப்பான்லேருந்து இந்தத் தொழில்நுட்பம் அங்க போச்சு. வடக்குலயும் மேற்குலயும் குளிர், மழை கம்மி. சீட்டு மண்ணைச் சூடா வெச்சு ஈரத்தையும் காப்பாத்துச்சு. தானியப் பயிர்ல 20 முதல் 35 சதவீதம் வரைக்கும் மகசூல் கூடுச்சு. வயித்துக்குச் சோறு போட்ட தொழில்நுட்பம்னு சொல்லணும். 'வெள்ளைப் புரட்சி'ன்னு பேரு வெச்சாங்க. 2011ல 12 லட்சம் டன்னுக்கு மேல சீட்டு, 2 கோடி எக்டேருக்குக் கிட்ட நிலம். நம்ம தமிழ்நாட்டோட மொத்தப் பரப்பு 1.3 கோடி எக்டேர். கணக்குப் போட்டுக்குங்க.

விலை குறையணும்னு சீட்டை மெலிசாக்கிக்கிட்டே போனாங்க. 0.008 மில்லிமீட்டர் வரைக்கும் போச்சு. அவ்வளவு மெலிசை முழுசா உருவ யாரால முடியும்? தொட்டா கிழியும். கிழிஞ்சது மண்ணுல தங்குச்சு. வருஷா வருஷம் மேல மேல சேர்ந்து, எக்டேருக்கு 50 முதல் 260 கிலோ வரைக்கும் மேல்மண்ணுல கிடக்குறதா ஆய்வுகள் எழுதுச்சு. ஷின்ஜியாங் பருத்திக் காடுகள்ல நெலமை ரொம்ப மோசம். வேர் இறங்க முடியல, தண்ணி இறங்க முடியல. 'வெள்ளைப் புரட்சி' போய் 'வெள்ளை மாசு'ன்னு பேரு மாறுச்சு. கடைசியில 2017ல புதுத் தரவிதி கொண்டுவந்து, 0.01 மில்லிமீட்டருக்குக் குறைவா இருக்கக்கூடாதுன்னாங்க. கிழியாம உருவுறதுக்காக.

நம்ம நாட்டுல 1981ல ஜி.வி.கே. ராவ் தலைமையில விவசாயத்துல பிளாஸ்டிக் பயன்பாட்டுக்குன்னு தேசியக் குழு அமைச்சாங்க. சொட்டுநீர், நிழல்வலை, பசுமைக்குடில் கூட இந்த சீட்டும் சேர்ந்து வந்துச்சு. எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரியில 2004 வாக்குல துல்லியப் பண்ணைத் திட்டம் வந்தப்போதான் சொட்டுநீர் சூடு பிடிச்சுது. பின்னாலேயே சீட்டும் வந்தது. தோட்டக்கலைத் திட்டத்துல எக்டேருக்கு 16,000 ரூபாய் வரைக்கும் மானியம் இருந்துச்சு. விரிக்கிறதுக்கு மானியம் உண்டு. உருவுறதுக்குக் கிடையாது. உருவின சீட்டுல மண்ணும் வேரும் ஒட்டியிருக்கும், பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர்கூட வாங்க மாட்டார். அதனால என்ன பண்றோம்? வரப்புல குவிச்சுக் கொளுத்துறோம். நானும் கொளுத்தியிருக்கேன். அந்தப் புகை எங்க புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் போச்சு.

'மக்கும்' சீட்டு: முதல் ரெண்டு தடவை

பாலித்தீன் மூடாக்கு பரவின கொஞ்ச காலத்துலேயே இந்தக் குப்பைப் பிரச்சினையும் தெரிஞ்சுபோச்சு. 1970கள்லேயே மருந்து தேட ஆரம்பிச்சாங்க.

முதல் மருந்து, வெயில். இங்கிலாந்தோட ஜெரால்ட் ஸ்காட்டும் இஸ்ரேலோட டான் கிலேடும் பாலித்தீன்ல ஒரு உலோகச் சேர்மத்தைக் கலந்து, இத்தனை நாள் வெயில் பட்டா உடையணும்னு அளந்து வெச்சாங்க. கெட்டிக்காரத்தனமான வேலை. வெயில் பட்ட பகுதி நொறுங்குச்சு. ஆனா சீட்டு பறக்காம இருக்க ரெண்டு ஓரத்தையும் மண்ணுக்குள்ள புதைப்போம் இல்லையா? அங்க வெயில் படாது. அது அப்படியே இருந்துச்சு.

ரெண்டாவது மருந்து, மாவு. அமெரிக்க வேளாண் துறையோட பியோரியா ஆய்வகத்துல ஃபீலிக்ஸ் ஓட்டிங்கிறவர் மக்காச்சோள மாவைப் பிளாஸ்டிக் வகைகளோட கலந்து மூடாக்குத் தாள் செஞ்சார். இங்கிலாந்துலயும் பாலித்தீன்ல மாவு கலந்து பார்த்தாங்க. 1980கள்ல 'மக்கும் பை'ன்னு கடைகள்ல வித்ததுல இந்த ஜாதியும் உண்டு. மண்ணுல போட்டா என்ன நடக்கும்? வறுத்த கடலையில சர்க்கரைப் பாகு ஊத்தி வெச்சா எறும்பு பாகை மட்டும் நக்கிட்டுப் போகுமே, அதுதான். நுண்ணுயிர் மாவைத் தின்னுட்டு பாலித்தீனை விட்டுட்டுப் போயிடும். சீட்டு பொத்தல் பொத்தலாகி உதிரும். மேலேருந்து பார்க்கிறவனுக்கு மக்கிப்போன மாதிரியே தெரியும்.

ரெண்டு தடவையும் ஏமாத்துனது நம்ம கண்ணுதான். காணாமப்போறது வேற, மக்குறது வேற. பெரிய துண்டா இருந்தா குனிஞ்சு பொறுக்கவாவது செய்யலாம். தூளானதை என்ன பண்றது? உடைக்கிற மருந்து கலந்த இந்த வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019ல சட்டம் போட்டே தடை பண்ணுச்சு. தடை நடைமுறைக்கு வந்தது 2021ல. ஸ்காட்டும் கிலேடும் தேட ஆரம்பிச்சு அரை நூற்றாண்டு ஆனதுக்கு அப்புறம்.

கொக்கி வெச்ச பிளாஸ்டிக்

சரியான பதில் ரொம்ப முன்னாலேயே மண்ணுக்குள்ள இருந்துச்சு. 1926ல பிரான்ஸ் பாஸ்டர் நிறுவனத்துல மோரிஸ் லெமாய்ன், ஒரு மண் பாக்டீரியா தன் உடம்புக்குள்ள ஒரு பிளாஸ்டிக்கைச் சேத்து வெச்சிருக்கிறதைக் கண்டுபிடிச்சார். நம்ம உடம்புல கொழுப்பு சேர்ற மாதிரி. சாப்பாடு கிடைக்காத காலத்துல அதையே கரைச்சுத் தின்னுக்கும். பாக்டீரியா செய்ற பிளாஸ்டிக்குல கொக்கி இருக்கு. அதுக்கு 'எஸ்டர்'னு பேரு.

இந்தக் கொக்கி இலையிலயும் இருக்கு. சில இலை மேல தண்ணி நிக்காம உருளுதே, அந்த மேல்தோலுக்குள்ள கியூட்டின்னு ஒரு பொருள். அதுவும் எஸ்டர் கொக்கியால கோத்ததுதான். இலையைத் தின்னணும்னா பூஞ்சை முதல்ல அந்தக் கொக்கியைக் கழட்டியாகணும். அதுக்கான நொதி அதுகிட்ட இருக்கு. அப்போ எஸ்டர் கொக்கி வெச்சே பிளாஸ்டிக் செஞ்சா?

அப்படித்தான் செஞ்சாங்க. இத்தாலியில கத்தியா பஸ்டியோலி தலைமையில நோவாமாண்ட் நிறுவனம் 1990 வாக்குல மாவுச்சத்தை வெச்சு மேட்டர்-பி கொண்டுவந்தாங்க. ஜெர்மனியில பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1998ல பி.பி.ஏ.டி.ங்கிற பிளாஸ்டிக்கை இறக்குச்சு. இன்னைக்கு மக்கும் மூடாக்குல பெரும்பாலும் இந்த பி.பி.ஏ.டி. ஒரு முக்கியப் பங்கு. இதுல வேடிக்கை என்னன்னா, இது பெட்ரோலியத்துலேருந்து வர்றது.

பெட்ரோலியப் பொருளை மண்ணு திங்குமா? சூரிச்ல 2018ல மைக்கேல் சும்ஸ்டைனும் கூட்டாளிகளும் இதைத்தான் சோதிச்சாங்க. பிளாஸ்டிக்ல இருக்கிற கார்பனுக்கு அடையாளம் வெச்சாங்க. மாட்டுக்குக் காதுல வில்லை போடுற மாதிரி, 'கார்பன்-13'ங்கிற கொஞ்சம் கனமான கார்பனை வெச்சு செஞ்சாங்க. விவசாய மண்ணுல 6 வாரம் வெச்சாங்க. வெளிய வந்த கரியமில வாயுவுல அந்த அடையாளக் கார்பன் இருந்துச்சு. பிளாஸ்டிக் மேல படர்ந்திருந்த பூஞ்சை இழைகளோட உடம்புக்குள்ளேயும் இருந்துச்சு. பி.பி.ஏ.டி.யில மூணு பகுதிப்பொருள் உண்டு. மூணுக்கும் தனித்தனியா அடையாளம் வெச்சுப் பார்த்தாங்க, மூணையுமே தின்னிருக்கு.

இதுதான் அந்தக் கேள்விக்கான நேர்மையான பதில். 'காணாமப்போச்சு'ன்னு சொல்லாம, 'யாரு தின்னா, எங்க போச்சு'ன்னு காட்டுனது.

ஜப்பான்லேருந்து ஒரு சேதி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. நெல் இலையிலயும் உமியிலயும் இருக்கிற ஒரு ஈஸ்ட், மக்கும் பிளாஸ்டிக் தாளை 30 டிகிரியில கரைக்குதுன்னு 2011ல எழுதியிருக்காங்க. இலைத் தோலுக்கு மேலேயே குடியிருக்கிற ஜீவன், அந்தக் கொக்கி அதுக்குப் புதுசு இல்ல.

மண்ணுயிருக்கு நல்லதா, கெட்டதா?

எங்க பதினோரு பேருக்கும் முக்கியம் இதுதான். தின்னுதுன்னு தெரிஞ்சாச்சு. தின்னா அதுங்களுக்கு என்ன ஆகும்?

முதல்ல அளவு. நானே கணக்குப் போட்டேன். ஏக்கர்ல பாத்தி மட்டும் மூடினா, 15 மைக்ரான் மக்கும் சீட்டு ஏறக்குறைய 45 கிலோ. அதுல கார்பன் 25, 30 கிலோ. எங்க மாதிரி இளைச்ச மண்ணுலயே ஒரு ஏக்கர் மேல்மண்ணுல நாலு டன் கார்பன் இருக்கும். அதனால 'மக்கும் சீட்டு மண்ணை வளமாக்கும்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டு வண்டி தொழுவுரம் அதைவிடப் பல மடங்கு. அதே மாதிரி, 'தழைச்சத்தை உறிஞ்சிடும்'னு பயப்படவும் வேணாம். சீட்டுல தழைச்சத்து கிடையாது, அதைத் திங்கிற நுண்ணுயிர் மண்ணுலேருந்துதான் எடுக்கும், உண்மைதான். ஆனா என் கணக்குப்படி அது ஏக்கருக்கு ஒண்ணு ரெண்டு கிலோ. ஒரு யூரியா மூட்டையில 20 கிலோ இருக்கு.

ரெண்டாவது, யார் பெருகுறாங்க. சீட்டுத் துண்டைச் சுத்தி பூஞ்சைகள் கூடுதலா வருது. இழையை நீட்டிப் படர முடியிறதால இந்த வேலைக்கு அதுதான் தோது. மொத்தக் காட்டுல? அமெரிக்காவுல டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்லயும் வாஷிங்டன் மாநிலத்து மவுன்ட் வெர்னன்லயும் ரெண்டு வருஷம் பூசணி போட்டு, மக்கும் சீட்டு, பாலித்தீன், வெறும் மண்ணுன்னு பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. மண்ணுயிர்க் கூட்டத்தை மாத்துனதுல ஊரும் பருவமும்தான் பெரிய காரணம், சீட்டோட பங்கு சின்னதுன்னு வந்துச்சு. நல்ல சேதிதான். ஆனா ரெண்டு வருஷச் சேதி. அதே ஆராய்ச்சிக்காரங்க வெதுவெதுப்பான டென்னசியில சீட்டு வேகமாவும், குளிர்ந்த வாஷிங்டன்ல மெதுவாவும் மக்கினதையும் பார்த்தாங்க. ஒரே சீட்டு, ரெண்டு மண்ணு, ரெண்டு விதம்.

மூணாவது, எந்தச் சீட்டா இருந்தாலும் விரிச்சிருக்கிற காலத்துல மண்ணு சூடாவும் ஈரமாவும் இருக்கு. அப்போ நுண்ணுயிர் சுறுசுறுப்பாகி மண்ணுல இருக்கிற பழைய மக்கைத் தின்னுடும். இலை மூடாக்கு சோறும் போட்டுக் கதவையும் சாத்துச்சு. சீட்டு கதவை மட்டும் சாத்துது. வருஷா வருஷம் தொழுவுரம் போடாம சீட்டு மட்டும் விரிச்சா, மக்குறதோ மக்காததோ, மண்ணு இளைக்கும்.

நாலாவது, கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கிற கரித்தூள் மக்காது. அது மண்ணுலேயே இருக்கும்.

சான்றிதழ்ல இருக்கு சூட்சுமம்

மறுபடி அந்த வியாபாரிக்குப் போன் போட்டேன். "அண்ணே, சர்டிபிகேட் இருக்கு"ன்னு வாட்ஸப்ல அனுப்பினார். பார்த்தா, அது கம்போஸ்ட் ஆகும்ங்கிற சான்றிதழ். அந்தச் சோதனை 58 டிகிரி வாக்குல, சூடேறுற பெரிய கம்போஸ்ட் குவியலுக்கானது. என் காடு குவியல் இல்ல. பி.எல்.ஏ.ன்னு ஒண்ணு, மக்காச்சோளத்துலேருந்து செய்றாங்க. குவியல்ல சில வாரத்துல போயிடும். சாதாரண மண்ணுல வருஷக்கணக்குல கிடக்கும். செடியிலேருந்து வந்ததா, பெட்ரோல்லேருந்து வந்ததாங்கிறதை வெச்சு மக்குறதைச் சொல்ல முடியாது. அமெரிக்காவுல இதுவே ஒரு சிக்கலாச்சு. 2014ல இயற்கை விவசாயத்துக்கு மக்கும் சீட்டை அனுமதிச்சாங்க; அடுத்த ஜனவரியிலேயே, முழுக்க முழுக்க உயிர்ப்பொருள்லேருந்து வரணும்னு விளக்கம் சொன்னாங்க. அப்படிப்பட்ட சீட்டு கடையில இல்ல. அனுமதி இருந்தும் விரிக்க முடியல.

மண்ணுக்குன்னே ஒரு தரவிதி ஐரோப்பாவுல 2018ல வந்துச்சு. இ.என். 17033னு பேரு. சாதாரண மண்ணுல, 25 டிகிரி வாக்குல, ரெண்டு வருஷத்துக்குள்ள 90 சதவீத கார்பன் கரியமில வாயுவா மாறணும். கவனிங்க: கண்ணுக்குத் தெரியாம போகணும்னு சொல்லல, வாயுவை அளக்கச் சொல்லுது. பழைய ஏமாத்தத்துலேருந்து கத்துக்கிட்ட பாடம் அது. இன்னொண்ணையும் கவனிங்க: ரெண்டு வருஷம். மூணு மாசம்னு உலகத்துல கறாரான தரவிதியே சொல்லல, வியாபாரி சொல்றார்.

அந்த ரெண்டு வருஷமும் ஆய்வகத்துல ஈரம் காயாம வெச்ச மண்ணுக்கு. எங்க மானாவாரிக் காடு மாசி பிறந்தா வெடிச்சுடும். காஞ்ச மண்ணுல நுண்ணுயிர் தூங்கும். தூங்குறது எப்படித் திங்கும்? வருஷத்துக்கு ரெண்டு தடவை விரிச்சு ஓட்டிவிட்டா, போன தடவைச் சோறு தீர்றதுக்குள்ள அடுத்த சோறு வந்து விழும்.

எங்க பதினோரு பேர்கிட்டயும் இதையெல்லாம் சொன்னேன். ஒரு சித்தப்பா முகம் சுளிச்சுக்கிட்டுக் கேட்டார்: "கடைசியா வாங்கலாமா வேணாமா, அதைச் சொல்லுடா."

நியாயமான கேள்வி. மண்ணுச் சான்றிதழைக் கேட்டுட்டு வாங்கலாம்னு சொன்னேன். வியாபாரி கம்பெனியில கேட்டுச் சொல்றேன்னு போனார், இன்னும் போன் வரல. அதுவரைக்கும் இந்தப் போகம் எனக்கு அரை ஏக்கர் சோளத்தட்டு, கொழிஞ்சி மூடாக்கு. மீதி அரை ஏக்கர் சாதா சீட்டுதான், ஆனா 30 மைக்ரான் கனமானது, கிழியாம உருவ வர்ற மாதிரி. உருவினதைக் கொளுத்த மாட்டேன்னு வீட்டுல வாக்குக் கொடுத்திருக்கேன். அதை எங்க கொடுக்குறதுன்னு இன்னும் தெரியல.

வியாபாரி விட்டுட்டுப் போன ஒரு முழத் துண்டை வீணாக்கல. ஆராய்ச்சிக்காரங்க துண்டை வலைப் பையில போட்டுப் புதைச்சுப் பார்க்குறாங்கன்னு படிச்சேன். கொசுவலைத் துணியில மூணு பை தைக்கச் சொன்னேன். ஒவ்வொண்ணுலயும் உள்ளங்கை அளவு மக்கும் சீட்டு ஒண்ணு, பழைய பாலித்தீன் ஒண்ணு, பூவரசு இலை ஒண்ணு. ஒரு பை எருக்குழி ஓரம், ஒண்ணு சொட்டுநீர்ப் பாத்தி நடுவுல, ஒண்ணு மேட்டுக்காட்டு வரப்புல. ஒரு சாண் ஆழத்துல புதைச்சு, பக்கத்துல ஆளுக்கொரு குச்சி நட்டு வெச்சிருக்கேன்.

மூணு மாசத்துல ஒரு தடவை, ஒரு வருஷத்துல ஒரு தடவை, ரெண்டு வருஷத்துல ஒரு தடவை தோண்டணும். வாயுவை அளக்குற கருவி என்கிட்ட இல்ல, அதனால இது கண்ணால பார்க்குற சோதனைதான்; அதோட குறை என்னன்னு மேலேயே சொல்லிட்டேன். ஆனா மூணு பையும் ஒரே மாதிரி இருக்கப்போறதில்லைன்னு மட்டும் தோணுது. தோண்டுன அன்னைக்கு போட்டோவோட எழுதுறேன். அதுவரைக்கும் மாடு அந்தக் குச்சியைப் பிடுங்காம இருக்கணும்.